2 மணி நேர 16 எம்எம் படம், ஒரே புரொஜெக்டர்: எத்தனை அடி ரீல், எத்தனை இடைவேளை?

திரைச்சீலை (கேள்வி):

வணக்கம் நண்பர்களே. வீட்டுக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு 16 எம்எம் படம் போட வேண்டும். பேசும் படம், ஆப்டிகல் ஒலி (பிலிம் ஓரத்தில் ஒளித்தடமாக அச்சான ஒலி), 124 நிமிடம். 800 அடி ரீல் ஆறில் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 744 அடி. பிரின்ட் (படப் பிரதி) சொந்தமானது, வாடகை இல்லை. புரொஜெக்டர் ஒன்றுதான். பக்கவாட்டுப் பிளவில் பிலிமைச் செருகும் வகை, 24 வோல்ட் 250 வாட் ஹாலஜன் விளக்கு, 2000 அடி வரை தாங்கும் என்று அதன் கையேடு சொல்கிறது.

இப்படியே போட்டால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ரீல் மாற்ற வேண்டும், ஐந்து தடை. கையில் 1600 அடி காலி ரீல் மூன்று, 2000 அடி காலி ரீல் ஒன்று இருக்கின்றன. இன்னும் இரண்டு 2000 அடி ரீல் வாங்கி, மும்மூன்றாக ஒட்டி, ஒரே இடைவேளையோடு முடித்துவிடலாமா? ஒட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்? ரீல் மாற்றத்தையும் இடைவேளையையும் எப்படிப் பிரிப்பது?

ஒளிக்கற்றை:

2000 அடி ரீல் வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 எம்எம் பிலிமில் ஒரு அடிக்கு 40 பிரேம். விநாடிக்கு 24 பிரேம் என்றால் நிமிடத்துக்கு 36 அடி ஓடும். அப்படியானால் 400 அடி 11 நிமிடம் 7 விநாடி, 800 அடி 22 நிமிடம் 13 விநாடி, 1200 அடி 33 நிமிடம் 20 விநாடி, 1600 அடி 44 நிமிடம் 27 விநாடி, 2000 அடி 55 நிமிடம் 33 விநாடி.

உங்கள் படம் 124 × 36 = 4464 அடி. இரண்டு 2000 அடி ரீலில் 4000 அடிதான் அடங்கும், அதாவது 111 நிமிடம். மிச்சம் 464 அடிக்கு மூன்றாவது ரீல் வேண்டும். 1600 அடி ரீலில் இரண்டிரண்டாக ஒட்டினாலும் அதே மூன்று ரீல்தான்: 1488 அடி வீதம், ஒவ்வொன்றும் 41 நிமிடம் 20 விநாடி. ஆக, பெரிய ரீல் வாங்கி ஒரு தடையும் குறையப்போவதில்லை. 90 நிமிடத்திலிருந்து 110 நிமிடம் வரையுள்ள படங்களுக்குத்தான் 2000 அடி ரீல் உண்மையில் உதவும். 89 நிமிடத்துக்குக் கீழே என்றால் 1600 அடி இரண்டே போதும்.

மௌனப் படம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 18 பிரேம் வேகத்தில் நிமிடத்துக்கு 27 அடிதான் போகும். அதே 1600 அடி ரீல் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். பேசும் பட அட்டவணையை வைத்து மௌனப் படத்துக்கு இடைவேளை குறித்தால் நேரம் எங்கோ போய் நிற்கும்.

காலி ரீல் எத்தனை வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். படம் இருக்கும் ரீல்களைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் போதும். பகுதி 1, 2, 3 ஆகியவற்றை 1600 அடி ரீல் அ, ஆ, இ ஆகியவற்றில் ஏற்றுங்கள். 2000 அடி காலி ரீலைப் பின்கையில் மாட்டுங்கள் (ஓடிய பிலிமைச் சுற்றும் ரீல் இருப்பது பின்கை, பிலிமை ஊட்டும் ரீல் இருப்பது முன்கை). முதல் பகுதி அ-விலிருந்து அந்தப் பெரிய ரீலுக்குப் போகும். காலியான அ பின்கைக்கு வரும், இரண்டாம் பகுதி ஆ-விலிருந்து அதில் சுற்றும். மூன்றாம் பகுதி இ-யிலிருந்து ஆ-வுக்கு. படம் முடிந்ததும் காலியாக இருப்பது இ. ரீவைண்டைக் கடைசிப் பகுதியிலிருந்து பின்னோக்கிச் செய்தால் ஒவ்வொன்றும் தன் ரீலுக்கே திரும்பிவிடும். முதல் பகுதியை முதலில் ரீவைண்ட் செய்யப் போனால், அ-வில் இரண்டாம் பகுதி உட்கார்ந்திருக்கும், எல்லாம் தப்பான டப்பாவில் போய்ச் சேரும்.

இந்த முறையில் ஒரு நிபந்தனை உண்டு. சுற்றும் ரீல் ஊட்டும் ரீலைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது, பெரிதாக இருக்கலாம். 800 அடி ரீலைப் பின்கையில் மறந்துவிட்டு 1500 அடி பிலிமை ஓட்டினால், 22 நிமிடத்துக்குப் பிறகு மிச்சம் முழுவதும் தரையில் குவியும். இருட்டில் அது தெரியாது என்பதுதான் கொடுமை. காலி ரீலின் மையத் துளை இரு பக்கமும் சதுரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் சதுரம், மறுபக்கம் வட்டம் என்றிருக்கும் ரீலைப் புரொஜெக்டரிலும் கை ரீவைண்டரிலும் மாற்றி மாற்றி மாட்டும்போது எந்த நேரத்திலாவது தவறான பக்கம் வந்து நிற்கும்.

ஐந்துவிரற்கடை:

ஒளிக்கற்றை கணக்கு சரி, ஆனால் ஒரு வாசலை மூடிட்டார். 2000 அடி ரீல்னு பேர் வெச்சது பழைய அசிடேட் பிலிமின் தடிமனை வெச்சுத்தான் (அசிடேட், பாலியெஸ்டர் ரெண்டும் பிலிம் செய்யற பிளாஸ்டிக் வகைகள்). அசிடேட் சுமார் 0.15 மி.மீ., பாலியெஸ்டர் பிலிம் சுமார் 0.125 மி.மீ. ரீலின் விட்டம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. ஹப் (ரீலின் நடு உருளை) 120 மி.மீ.ன்னு வெச்சுக்கோங்க. மூணு ரீல் சேர்த்து 2232 அடி, 680 மீட்டர். பாலியெஸ்டர்னா சுற்றி முடிச்ச விட்டம் 350 மி.மீ. வரும். விளிம்புக்கு 15 மி.மீ. பாக்கி. அசிடேட்னா 380 மி.மீ., விளிம்பைத் தொட்டு நிக்கும், நடக்காது.

அதனால முதல்ல உங்க பிரின்ட் எதுன்னு பாருங்க. சுற்றின ரீலைப் பக்கவாட்டில் ஒரு விளக்குக்கு நேரா பிடிங்க. பாலியெஸ்டர்னா பிலிம் அடுக்குகளின் ஓரம் வழியா வெளிச்சம் ஊடுருவித் தெரியும். அசிடேட்னா இருட்டா இருக்கும். பாலியெஸ்டர்னா 62 நிமிடத்தில் ஒரே இடைவேளை, கச்சிதம்.

பல்சக்கரம்:

கணக்கில் தவறில்லை. எடையைக் காட்டிப் பயமுறுத்தவும் முடியாது: 2232 அடி பாலியெஸ்டரும் 2000 அடி அசிடேட்டும் ஏறக்குறைய 1.9 கிலோதான், ரீலின் எடை தனி. ஆனால் கையேட்டில் 2000 அடி என்று போட்டிருப்பது கையின் நீளத்தை மட்டும் வைத்து அல்ல. பின்கையின் இழுவையை வைத்தும்தான். பல பேர் கோட்டைவிடும் இடம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பின்கையில் பெல்ட்டும் வழுக்குக் கிளட்ச்சும் சேர்ந்து ஏறக்குறைய ஒரே அளவு முறுக்குவிசையைத் தருகின்றன. பிலிமின் மேல் விழும் இழுவை என்பது அந்த விசையைச் சுற்றின் ஆரத்தால் வகுத்தது. ஹப்பில் தொடங்கும்போது ஆரம் சின்னது, இழுவை அதிகம். ரீல் நிரம்ப நிரம்ப ஆரம் பெருகி இழுவை குறைந்துகொண்டே வரும். 120 மி.மீ. ஹப்பிலிருந்து 350 மி.மீ. வரை போனால் இழுவை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகிவிடும். பெரிய ரீலுக்குப் பெரிய ஹப் வைப்பதன் காரணம் இதுதான். 1600 அடி ரீலுக்கு 50 மி.மீ. ஹப் வைத்திருந்தால் விகிதம் ஆறு மடங்கைத் தாண்டியிருக்கும்: தொடக்கத்தில் துளை கிழியும், கடைசியில் பிலிம் தொங்கும். சில மாடல்களில் ரீலின் எடையே கிளட்ச்சை அழுத்தி இதைச் சரிக்கட்டும். எல்லாவற்றிலும் அந்த வசதி கிடையாது.

புதிதாக வந்த காலத்தில் 2000 அடியை இழுத்த இயந்திரம் இன்றைக்கும் இழுக்கும் என்று நம்ப முடியாது. ஸ்பிரிங் பெல்ட் நீண்டிருக்கும், கிளட்ச் ஃபெல்ட்டில் எண்ணெய் ஊறியிருக்கும். சோதிக்கும் முறை எளிது. வேண்டாத பிலிமை 1500 அடி அளவுக்கு ஒரு 1600 அடி ரீலில் சுற்றுங்கள். அதைப் பின்கையில் மாட்டுங்கள், முன்கையில் அல்ல. 100 அடி வேண்டாத பிலிமை முன்கையில் வைத்து, இயந்திரத்தின் வழியே செலுத்தி, அதன் நுனியைப் பின்கை ரீலில் இருக்கும் பிலிமின் வெளி நுனியோடு ஒட்டுங்கள். மோட்டாரைப் போடுங்கள். இப்போது நிரம்பிய ரீலைத்தான் பின்கை இழுக்கிறது, அதுதான் கடினமான கட்டம். இரண்டரை நிமிடத்துக்குமேல் ஓடும். கடைசி ஸ்ப்ராக்கெட்டுக்கும் (துளைகளைப் பிடித்துப் பிலிமை நகர்த்தும் பல்லுருளை) பின்கை ரீலுக்கும் நடுவில் பிலிம் விறைப்பாக நிற்க வேண்டும். தொங்கித் தொங்கி வெடுக்கென்று இழுத்தால் பெல்ட் வழுக்குகிறது. தொங்கல் வளர்ந்துகொண்டே போனால் அந்த ரீல் அளவு இந்த இயந்திரத்துக்கு ஆகாது. பெல்ட் மாற்றுங்கள், கிளட்ச்சைத் துடையுங்கள், அதன்பிறகும் சரியாகவில்லை என்றால் 1200 அடிக்கு இறங்குங்கள்.

முன்கையிலும் ஒரு தொல்லை உண்டு. நிரம்பிய ரீல் ஒன்றரை கிலோவுக்கு மேல். மோட்டார் போட்டதும் முதல் ஸ்ப்ராக்கெட் அதை நின்ற நிலையிலிருந்து இழுக்க வேண்டும். அந்த நொடியில்தான் துளைகள் கீறும். மோட்டார் போடும்போதே இடது கையால் ரீலுக்கு ஒரு சின்னத் தள்ளு கொடுங்கள். நிறுத்தும்போது நேர்மாறு: ரீல் தன் வேகத்தில் சுற்றி அரை மீட்டர் பிலிமை அவிழ்த்துத் தள்ளும், விரலால் விளிம்பைத் தொட்டு நிறுத்துங்கள்.

பாலியெஸ்டரை 2000 அடிக்கு மேல் நிரப்புவதில் என் தயக்கம் வேறு. அசிடேட் சிக்கினால் அறுந்துவிடும், ஒட்டிக்கொள்ளலாம். பாலியெஸ்டர் அறாது. பின்கை இழுக்காமல் தொங்கிய பிலிம் மறுபடி ஸ்ப்ராக்கெட்டில் சுற்றிக்கொண்டால், துளைகளோ இயந்திரத்தின் உள்ளுறுப்போதான் விலை கொடுக்கும். மேலே சொன்ன சோதனையை நிரம்பிய 2000 அடி ரீலோடு செய்து அது தேறினால் மட்டும் ஐந்துவிரற்கடை சொல்கிற வழியில் போங்கள்.

மேசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 15 அங்குல ரீலின் ஆரம் 19 செ.மீ. பின்கை அச்சு மேசைப் பரப்பிலிருந்து அதற்குக் குறைந்த உயரத்தில் இருந்தால் ரீல் மேசையை உரசும். இயந்திரத்தின் பின்பகுதியை மேசை ஓரத்துக்கு வெளியே தள்ளி வைப்பார்கள். அப்படி வைத்தால் படம் ஓட ஓட எடை முன்னிருந்து பின்னுக்கு நகரும் என்பதை நினைவில் வையுங்கள். லேசான மேசை, சாய்த்து வைத்த முன்கால் என்றால் பிம்பம் மெல்ல மேலே ஏறும்.

பசைநாடா:

ஒட்டுவது பற்றிக் கேட்டீர்கள். ஒட்டுப் பசை அசிடேட்டுக்கு மட்டும் பிடிக்கும், பாலியெஸ்டரில் அது வேலை செய்யாது. நீங்கள் மறுபடி பிரித்து 800 அடி ரீல்களில் வைப்பதாக இருந்தால் எந்தப் பிலிமானாலும் ஒட்டு நாடாதான் நல்லது, ஒரு பிரேம்கூட இழக்காமல் உரித்துவிடலாம். நாடாவை இரு பக்கமும் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் கேட்டில் (பிலிமின் மேல் ஒளி விழும் சட்டம்) மடிந்து குதிக்கும். ஒட்டிய பிறகு துளைகள் ஒவ்வொன்றும் திறந்திருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

எங்கே வெட்டுவது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. 16 எம்எம் ஆப்டிகல் ஒலி, தன் படத்துக்கு 26 பிரேம் முன்னால் அச்சாகியிருக்கும். ஒலித் தலை கேட்டுக்குக் கீழே இருப்பதால் அப்படி. எனவே ஒரு ரீலின் முதல் பிரேமுக்கு உரிய ஒலி அந்தப் பிரேமின் பக்கத்தில் இருக்காது, லீடருக்குள் (ரீலின் தலையிலும் வாலிலும் இருக்கும் படமில்லாத பிலிம்) 26 பிரேம் தள்ளி இருக்கும். லீடரை முதல் படப் பிரேமின் கோட்டில் வெட்டி ஒட்டினால் ஒரு விநாடிக்குச் சற்று மேலான ஒலி லீடரோடு போய்விடும். வசனத்தில் தொடங்கும் ரீல் என்றால் முதல் சொல் காணாமல் போகும்.

சில பிரின்ட்களில் லேப் இதற்கு முன்கூட்டியே வழி செய்திருக்கும். முந்தைய ரீலின் கடைசி 26 பிரேம்களின் ஓரத்திலேயே அடுத்த ரீலின் முதல் ஒலியை அச்சடித்திருக்கும். அப்படியானால் கோட்டோடு கோடாக ஒட்டலாம், ஒலி தொடரும். உங்கள் பிரின்ட் எந்த வகை என்று அறிய, ஒட்டுவதற்கு முன் ஒரு ரீலின் கடைசி அரை நிமிடத்தை ஓட்டிக் கேளுங்கள். கடைசிப் படப் பிரேம் போன பிறகும் ஒரு விநாடி ஒலி வந்தால் அது அடுத்த ரீலின் தொடக்கம். கோட்டில் வெட்டுங்கள். அப்படி எதுவும் வரவில்லை என்றால் லீடரில் 26 பிரேம் விட்டு வெட்டுங்கள், ஏறக்குறைய 20 செ.மீ. ஒரு விநாடி திரை இருளும், ஆனால் ஒலி முழுதாக வரும். இருட்டை மன்னிப்பார்கள், விழுங்கிய வசனத்தை மன்னிக்க மாட்டார்கள்.

எண்கள் இறங்கிவரும் லீடரில் "2" தெரிந்தபின் முதல் படப் பிரேம் வரை இரண்டு விநாடிக் கறுப்பு இருக்கும். மேலே சொன்ன 26 பிரேமை அந்தக் கறுப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், எண் எதுவும் திரையில் மின்னாது.

வெட்டிய லீடர்களை எறியாதீர்கள். எந்த ரீலின் தலை, எந்த ரீலின் வால் என்று எழுதிய நாடாத் துண்டை ஒட்டி, சுருட்டி, அந்தந்த 800 அடி டப்பாவிலேயே போடுங்கள். ஆறு மாதம் கழித்து எது எதனுடையது என்று யாருக்கும் நினைவிருக்காது.

ரீல் முடிவில் திரையின் வலது மேல் மூலையில் புள்ளிகள் மின்னுவதைப் பார்ப்பீர்கள். 35 எம்எம் அரங்குகளில் இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே மாற்றுவதற்கான குறிகள் அவை. 35 எம்எம் மூலத்திலிருந்து குறைத்து எடுத்த 16 எம்எம் பிரின்டிலும் ஒட்டிக்கொண்டு வரும். முதல் குறி ரீல் முடிய ஏறக்குறைய 8 விநாடி முன், இரண்டாவது 1 விநாடி முன், ஒவ்வொன்றும் நான்கு பிரேம். ஒற்றை இயந்திரக்காரருக்கும் பயன் உண்டு: முதல் குறி வந்தால் கையை ஒலிக் குமிழில் வைக்க வேண்டிய நேரம். 35 எம்எம்மில் அடிக்கு 16 பிரேம் என்பதால் அங்கே 2000 அடி இங்கே 800 அடி. உங்கள் படம் 800 அடி ரீல்களில் பிரிந்திருப்பதும் அதனால்தான், காட்சி முடியும் இடத்தில் பிரிந்திருப்பதும் அதனால்தான். நீங்களாக நடுவில் வேறிடத்தில் பிரிக்க வேண்டாம்.

சூப்பர்எட்டு:

இடையில் ஒரு கேள்வி. 100 நிமிடப் படம், சூப்பர் 8, காந்தப்பட்டை ஒலி, 400 அடி ரீல் ஐந்து. இதே கணக்கு பொருந்துமா?

ஒளிக்கற்றை:

எண்கள் மாறும், முறை அதேதான். சூப்பர் 8-இல் அடிக்கு 72 பிரேம், 24 பிரேம் வேகத்தில் நிமிடத்துக்கு 20 அடி. 400 அடி 20 நிமிடம், 600 அடி 30, 800 அடி 40, 1200 அடி ஒரு மணி நேரம். 100 நிமிடம் என்பது 2000 அடி. 600 அடி வரை ஏற்கும் இயந்திரம் என்றால் நான்கு ரீல், மூன்று தடை. 800 என்றால் மூன்று ரீல். எல்மோ ஜிஎஸ்-1200 போல 1200 அடி ஏற்கும் இயந்திரம் என்றால் இரண்டே ரீல், ஒரே இடைவேளை. 18 பிரேமில் எடுத்த படமானால் நிமிடத்துக்கு 15 அடி.

ஒலி 18 பிரேம் முன்னால், அதாவது ஏழரை செ.மீ. நாடாவால் ஒட்டும்போது அது காந்தப்பட்டையின் மேல் படியாமல் நறுக்கிவிடுங்கள், படிந்தால் அந்த இடத்தில் ஒலி அமுங்கும். பழைய ரெகுலர் 8 ரீலின் மையத் துளை சின்னது, சூப்பர் 8 ரீலின் துளை அரை அங்குலம். காலி ரீல் தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

திரைச்சீலை:

மிக்க நன்றி. விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், ஓரம் இருட்டாகத்தான் இருக்கிறது. அசிடேட். ஆக மூன்று 1600 அடி. பின்கைச் சோதனையும் செய்தேன், விறைப்பாக நின்றது. இப்போது 41-ஆவது நிமிடத்திலும் 83-ஆவது நிமிடத்திலும் தடை வருகிறது. இரண்டையும் இடைவேளையாக விடுவதா? அந்த நேரத்தில் புரொஜெக்டர் விளக்கை அணைக்க வேண்டுமா?

பல்சக்கரம்:

அசிடேட் என்றால் ஒட்டுவதற்கு முன் இரண்டு சோதனை. டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கிறதா? அடித்தால் அந்த ரீலை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். அடுத்தது சுருக்கம். 100 பிரேம் நீளத்தை அளவுகோலில் அளந்தால் 762 மி.மீ. இருக்க வேண்டும். 754-க்கு வந்துவிட்டால் ஒரு சதவீதம் சுருங்கியிருக்கிறது. அதை ஓட்டாதீர்கள், நகமும் (கேட்டில் பிலிமைப் பிரேம் பிரேமாக இழுக்கும் கொக்கி) ஸ்ப்ராக்கெட்டும் துளைகளைக் கொத்திவிடும். ஆறு ரீலையும் தனித்தனியே அளவெடுங்கள், ஒரே பிரின்டிலும் ரீலுக்கு ரீல் சுருக்கம் வேறுபடும்.

ஒளிக்கற்றை:

இரண்டையும் ஒரே மாதிரி விட வேண்டாம். 41-ஆவது நிமிடத்தில் கூட்டம் இன்னும் களைத்திருக்காது. அங்கே வெறும் ரீல் மாற்றம்: அறை விளக்குகள் மங்கலாக, யாரும் எழவில்லை, இரண்டு நிமிடம். 83-ஆவது நிமிடத்தில்தான் இடைவேளை. பன்னிரண்டு பேருக்கு ஒரு கழிப்பறை என்றால் ஆளுக்கு ஒரு நிமிடம் வைத்தாலே 12 நிமிடம், எனவே 15 நிமிடம் என்று அறிவியுங்கள். "ஐந்து நிமிடம்" என்று சொல்லிவிட்டுப் பதினைந்து எடுப்பதைவிட அது மேல். குழந்தைகளும் வயதானவர்களும் இருந்தால் இதைத் திருப்பிப் போடுங்கள், முதல் தடையையே நீட்டுங்கள். எப்படியானாலும் படம் தொடங்கும் முன் இரண்டு நிறுத்தம் வரும், எது எவ்வளவு நேரம் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாத ரீல் மாற்றத்தில் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள்.

ஐந்துவிரற்கடை:

மாற்றத்தை இரண்டு நிமிடத்தில் முடிக்கணும்னா வேலை முழுக்க முன்னாடியே இருக்கு. ஒவ்வொரு பகுதியின் வாலிலும் 5 அடி கறுப்பு லீடர் ஒட்டுங்க. அது 8 விநாடி ஓடும். அது இல்லைன்னா பிலிம் முடிஞ்ச நொடி திரை வெள்ளையா வெடிக்கும், இருட்டுக்குப் பழகின கண்ணுக்கு அடி விழுந்த மாதிரி. தலையில் 6-லிருந்து 8 அடி லீடர் வேணும், செருகறதுக்கு. லீடர் நுனி மடிஞ்சோ கிழிஞ்சோ இருந்தா நேரா கத்தரிச்சுடுங்க. தானாகச் செருகிக்கொள்ளும் இயந்திரங்கள் மடிஞ்ச நுனியைக் கண்டாலே உள்ளே கசக்கிடும்.

பகுதி முடியறப்போ: முதல் குறியில் ஒலியைக் குறைக்க ஆரம்பிங்க. கறுப்பு வந்ததும் விளக்கை அணைங்க, மோட்டாரை நிறுத்தாதீங்க. வால் முழுசா பின்கைக்குப் போகட்டும், விசிறியும் ஓடட்டும். புரொஜெக்டருக்குப் பின்னாடி ஒரு சின்ன விளக்கு வெச்சிருங்க, திரையில் படாத மாதிரி. ஓடி முடிஞ்ச ரீலை எடுத்து "வால் வெளியே"ன்னு எழுதின நாடாவால் நுனியை ஒட்டிடுங்க. காலி ரீலைப் பின்கைக்கு மாத்துங்க, அடுத்ததை முன்கையில் மாட்டுங்க. இந்த நேரத்தில் ரீவைண்ட் வேண்டவே வேண்டாம். 1500 அடியை அவசரமா சுற்றினா அடுக்கு தளர்ந்து ஒண்ணோட ஒண்ணு உராயும், பிலிம் முழுக்கக் கீறல். மறுநாள் கை ரீவைண்டரில் மெதுவா செஞ்சுக்கலாம்.

செருகறதுக்கு முன்னாடி கேட்டைத் திறந்து மென்மையான பிரஷ்ஷால் ஒரு தடவை துடைங்க. ஒவ்வொரு தடையிலும் செய்யணும். 41 நிமிஷத்தில் ஒட்டின தூசியும் பூச்சுத் துகளும் அடுத்த பகுதி முழுக்கத் திரை ஓரத்தில் மயிர் மாதிரி ஆடும்.

பல்சக்கரம்:

விளக்கு பற்றி. இரண்டு நிமிட மாற்றத்துக்கும் 15 நிமிட இடைவேளைக்கும் விளக்கு அணைந்தே இருக்கட்டும். 15 நிமிட இடைவேளையில் மோட்டாரை 2, 3 நிமிடம் ஓடவிட்டுப் பிறகு நிறுத்துங்கள். சூடான ஹாலஜன் விளக்கின் இழை மென்மையாக இருக்கும், அந்த நேரத்தில் இயந்திரத்தைத் தூக்கி நகர்த்தினால் இழை அறும். பிம்பம் கோணலாக இருக்கிறது என்று இடைவேளையில் நகர்த்தத் தோன்றும். ஆறிய பிறகு செய்யுங்கள். ஒரு மாற்று விளக்கைப் பக்கத்தில் வையுங்கள். மாற்றும்போது துணியால் பிடியுங்கள், கண்ணாடியில் விரல் ரேகை பட்ட இடம் அளவுக்கு மீறிச் சூடேறி விளக்கின் ஆயுள் போகும்.

செருகியதும் இரண்டு லூப்பையும் (கேட்டுக்கு மேலும் கீழும் பிலிம் தளர்வாக வளையும் இடங்கள்) பாருங்கள். கேட்டுக்கும் ஒலி உருளைக்கும் நடுவில் 26 பிரேம் இருக்க வேண்டும். கீழ் லூப் பெரிதாகவோ சிறிதாகவோ போனால் உதடும் சொல்லும் பிரியும், ஐந்து பிரேம் தவறினால் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. முதல் பகுதியில் சரியாக இருந்த வசனம் இரண்டாம் பகுதியில் பிசகினால் ஒட்டிய இடத்தையோ பிரின்டையோ சந்தேகிக்காதீர்கள், கீழ் லூப்பைப் பாருங்கள். ஒலி அமுங்கி நடுங்கினால் பிலிம் உருளையை இறுகத் தழுவவில்லை.

திரைச்சீலை:

ஆறு ரீலையும் அளந்துவிட்டேன். ஐந்து ரீலில் 758, 759 மி.மீ. நான்காம் ரீல் மட்டும் 756. வாடை எதிலும் இல்லை. ஓட்டலாமா?

பல்சக்கரம்:

756 என்றால் 0.8 சதவீதம், விளிம்பில் நிற்கிறது. ஓட்டலாம், ஆனால் முதலில் அந்த ரீலை மட்டும் ஒட்டாமல் தனியாக ஓட்டிக் கேளுங்கள். கேட்டில் சடசடவென்று சத்தம் வந்தாலோ, பிம்பம் மேலும் கீழும் துடித்தாலோ நகம் துளையின் ஓரத்தில் இடிக்கிறது. உடனே நிறுத்துங்கள். சத்தமில்லாமல் ஓடினால் மூன்றாம் ரீலின் வாலில் ஒட்டிவிடுங்கள். இரண்டாம் பகுதியின் பிற்பாதியில் அது வரும், 62-ஆவது நிமிடத்திலிருந்து. அந்த இருபது நிமிடம் இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்காருங்கள்.